கதைக்க வாய் மட்டும்தான் வேணுமா? மாற்றுவழித் தொடர்பாடல், முதலிலிருந்து

என் மாமாவுக்குப் பாரிசவாதம் வந்து எழும்பியபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரேயொரு சொல். "மறுகா." மட்டக்களப்பாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்ற ஊர்க்காரருக்குச் சொல்வதென்றால், "பிறகு", "அப்புறம்" என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். தேத்தண்ணி வேணும் என்றாலும் மறுகா. கக்கூசுக்குப் போகவேணும் என்றாலும் மறுகா. பேரன் ஓடிவந்து மடியில் ஏறினால் சிரிப்போடு ஒரு மறுகா. மாமி மருந்தைப் பிந்திக் கொடுத்தால் பல்லைக் கடித்தபடி இன்னொரு மறுகா. ராகம் மாறும், சொல் மாறாது.

பார்க்க வந்த சனம் "ஆளுக்கு மூளை குழம்பிற்று" என்று முடிவு கட்டிவிட்டது. உண்மையில் அவர் மூளை குழம்பவில்லை. யார் வந்தது, யார் வரவில்லை, யார் கொண்டுவந்த தோடம்பழம் புளிப்பு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது. சொல்ல வழிதான் இல்லை. 1861 இல் பாரிஸில் புரோக்கா என்ற மருத்துவர் இதே மாதிரி ஒரு நோயாளியைப் பார்த்தார். அந்த மனிதருக்கு மற்றவர் கதைப்பது விளங்கியது, ஆனால் வாயில் வந்தது "தான்" என்ற ஒரே ஓசை. அவர் இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோது இடது முன்பக்கத்தில் ஒரு பகுதி சேதமாகியிருந்தது. பேச்சை உண்டாக்கும் இடம் வேறு, விளங்கிக்கொள்ளும் இடம் வேறு என்ற எண்ணம் அதிலிருந்துதான் வலுத்தது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்த என் மாமாவுக்கும் அதே சங்கதிதான்.

அந்த நேரத்தில்தான் ஏ.ஏ.சி. என்ற மூன்றெழுத்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. பேச்சுக்குத் துணையாகவும், பேச்சு இல்லாத இடத்தில் அதற்கு மாற்றாகவும் இருக்கும் தொடர்பாடல் முறைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அது. சுருக்கமாக மாற்றுவழித் தொடர்பாடல் என்று சொல்லிக்கொள்ளலாம். பெயர் பெரிசாக இருந்தாலும் விஷயம் புதிது இல்லை. வாவிக்கு நடுவில் தோணியில் நிற்பவனைக் கரையிலிருந்து கைகாட்டிக் கூப்பிடுகிறோமே, அதுவும் இதுதான். சிங்களம் தெரியாமல் அம்பாறை டவுன் கடையில் விரல் நீட்டிச் சாமான் வாங்குவதும் இதுதான். நமக்கு அது ஐந்து நிமிடத் தேவை. சிலருக்கு ஆயுள் முழுக்க.

யாருக்கு? பிறக்கும்போதே மூளைவாதம் உள்ள பிள்ளைகள், ஓட்டிசம் உள்ளவர்களில் ஒரு பகுதியினர், டவுன் சின்ட்ரோம் உள்ள சிலர். பெரியவர்களில் பாரிசவாதம் வந்தவர்கள், தலையில் அடிபட்டவர்கள், தொண்டையில் புற்றுநோய்க்கு வெட்டுச் சிகிச்சை செய்தவர்கள், தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய் உள்ளவர்கள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டையில் குழாயோடு கிடப்பவருக்கும் நாலைந்து நாளைக்கு இது தேவை.

முறைகளை இரண்டாகப் பிரிப்பார்கள். ஒன்று, உடம்பை மட்டும் வைத்துச் செய்வது: சைகை, முகபாவம், கண்ணால் காட்டுவது, தலையாட்டுவது. மற்றது, ஏதாவது பொருளை வைத்துச் செய்வது: படத்தாள், எழுத்துப் பலகை, போனில் ஓடும் செயலி, கண் அசைவைப் பிடிக்கும் கணினி. ஒருவருக்கு ஒன்றுதான் என்று இல்லை. மாமா கண்ணைச் சுருக்குவார், படத்தைத் தொடுவார், மறுகா என்பார். மூன்றும் சேர்ந்ததுதான் அவர் கதை.

முதலில் "ஓம்", "இல்லை" என்பதைச் சரிப்படுத்த வேண்டும். இது சின்ன வேலை என்று நினைத்தோம். நம் ஆட்கள் தலையாட்டும் விதம் இருக்கிறதே, அது ஓமா இல்லையா என்று நமக்கே சந்தேகம். பக்கவாட்டில் ஒரு ஆட்டு ஆட்டினால் "ஓம்" ஆகவும் இருக்கலாம், "பார்ப்பம்" ஆகவும் இருக்கலாம். கழுத்துப் பலமில்லாத பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் தெளிவான இரண்டு அடையாளங்களை முடிவு செய்யவேண்டும்: மேலே பார்த்தால் ஓம், கண்ணை இறுக்கி மூடினால் இல்லை. அல்லது வலது கை, இடது கை. எது என்றாலும் அதை ஒரு தாளில் எழுதிக் கதிரையின் பின்பக்கம் ஒட்டிவிட வேண்டும். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரும் புதிதாகக் கண்டுபிடிக்கும் வேலை இல்லாமல் போகும்.

ஆனால் ஓம்-இல்லையோடு நின்றுவிடக் கூடாது. "தேத்தண்ணி வேணுமா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் நாம் நினைத்ததற்குள்தான் பதில் சொல்ல முடியும். நாம் நினைக்காததைச் சொல்ல அவரிடம் ஒன்றும் இல்லை.

அடுத்தது படத்தாள். நான் மாமாவுக்குச் செய்த முதல் தாளை இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஒன்பது கட்டம்: தண்ணி, சோறு, தேத்தண்ணி, மருந்து, கக்கூஸ், படுக்கை, காற்றாடி, நோகுது, குளிப்பு. லெமினேட் செய்து, அழகாக மூலை வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் தண்ணியைத் தொட்டார். மாமி கிளாசில் கொண்டுவந்தார். தள்ளிவிட்டார். மறுபடி தண்ணியைத் தொட்டார். குளிர்தண்ணி கொண்டுவந்தோம், சுடுதண்ணி கொண்டுவந்தோம், இளநி கூட வெட்டினோம். அவர் தாளைத் தூக்கி எறிந்துவிட்டார். இரண்டு நாள் கழித்துத்தான் மச்சாளுக்குப் பொறி தட்டியது. அவள் ஒரு கொப்பித் தாளில் வயலும் வாய்க்காலும் கீறிக் காட்டினாள். மாமா மேசையில் அடித்து "மறுகா! மறுகா!" என்றார். உன்னிச்சைக் குளத்துத் தண்ணி திறந்துவிட்டார்களா, நம் வட்டைக்கு (வயல்வெளிக்கு) வந்ததா, வேளாண்மை என்ன நிலை. இதைத்தான் ஒரு மனிதர் இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

அந்தத் தாளின் பிழை எனக்கு அப்போதுதான் விளங்கியது. அது ஒரு நோயாளியின் தாள். அதில் கமக்காரர் இல்லை, மாமனார் இல்லை, பகிடி விடுகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் நான் பிறகு பார்த்த பல தாள்களும் இப்படித்தான் இருக்கின்றன: தின்ன, குடிக்க, போக. நாம் ஒரு நாளில் கதைப்பதை ஒலிப்பதிவு செய்து கேட்டால் இந்த மூன்றும் எத்தனை தடவை வரும்? மிச்சமெல்லாம் ஊர்க்கதையும் கோபமும் கேலியும் கேள்வியும்தானே.

துறை சார்ந்தவர்கள் இதற்கு ஒரு கணக்குச் சொல்கிறார்கள். நாம் கதைப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைச் சில நூறு சொற்களே சுமக்கின்றன. அவை பெரும்பாலும் பொருட்களின் பெயர்கள் இல்லை. வேணும், வேணாம், இன்னும், காணும், வா, போ, நிப்பாட்டு, என்ன, ஏன், எங்கே, யார், எனக்கு, நல்லம், கூடாது மாதிரியான எல்லா இடத்துக்கும் பொருந்துகிற சொற்கள். இவற்றை மையச்சொற்கள் என்று வைத்துக்கொள்வோம். "இன்னும்" என்ற ஒரு கட்டத்தை வைத்து இன்னும் சோறு, இன்னும் ஊஞ்சல், இன்னும் கதை என்று எதையும் கேட்கலாம். "தோடம்பழம்" என்ற கட்டம் தோடம்பழத்துக்கு மட்டும்தான். மையச்சொற்கள் நடுவில் எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். கைக்கு இடம் பழகிவிடும். ஆளுக்கும் ஊருக்கும் உரிய சொற்கள் ஓரத்தில் மாறிக்கொண்டே இருக்கலாம். கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும் வைகாசியில் ஒரு சிறுமியின் தாளில் "கோயில்", "குளிர்த்தி", "வளையல்" வேண்டும். காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ நோன்பு மாதத்தில் "கஞ்சி", "பள்ளி", "பெருநாள் உடுப்பு" வேண்டும். அங்கே "அம்மா, அப்பா" என்று அச்சடித்த தாளைக் கொடுத்தால் உம்மா வாப்பாவைப் பிள்ளை எங்கே போய்த் தேடும்?

வெளியில் செய்த தாளை அப்படியே தமிழாக்கினால் வரும் சிக்கல்களும் உண்டு. ஆங்கிலத் தாள்கள் "நான்" என்ற கட்டத்தில் தொடங்கி, அடுத்து "வேண்டும்", பிறகு பொருள் என்று இடமிருந்து வலமாகப் போகும். அதை மொழிபெயர்த்தால் "நான் வேண்டும் தண்ணீர்" என்று வரும். எந்தத் தமிழ்ப் பிள்ளையும் அப்படிக் கதைத்ததில்லை. நமக்கு "தண்ணி வேணும்" என்றால் முடிந்தது. ஆளைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் "எனக்கு"தான், "நான்" இல்லை. ஆகவே தமிழ்த் தாளில் பொருட்கள் இடப்பக்கமும் வினைச்சொற்கள் வலப்பக்கமும் இருப்பது நல்லது; வாக்கியத்தின் நடையும் அதுதான். இன்னொன்று, நம் வினைச்சொல் வாலை மாற்றிக்கொண்டே இருக்கும்: போறன், போனான், போவம். எல்லாவற்றுக்கும் கட்டம் போட முடியாது. பிள்ளை "போ" என்பதைத் தொட்டால், பக்கத்தில் இருப்பவர் "கடைக்குப் போவம் என்றியா, அண்ணன் போயிட்டான் என்றியா?" என்று கேட்டு முழுமையாக்க வேண்டும். "நேற்று", "இப்ப", "மறுகா" என்று மூன்று காலக் கட்டங்கள் இருந்தால் அந்த வேலை பாதியாகக் குறையும். (மாமா வீட்டுத் தாளில் "மறுகா" கட்டம் தேவைப்படவில்லை.)

எழுத வாசிக்கத் தெரிந்த, ஆனால் வாயும் கையும் ஒத்துழைக்காத ஒருவருக்குப் படத்தைவிட எழுத்துப் பலகை மேல். நினைத்த எதையும் சொல்லலாம். பௌதிகவியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1985 இல் நிமோனியா வந்து தொண்டையில் துளையிட்டுக் குரலை இழந்த பிறகு முதலில் பாவித்தது கணினி இல்லை. ஓர் எழுத்து அட்டைதான். மற்றவர் எழுத்தைச் சுட்டச் சுட்ட, சரியான எழுத்து வரும்போது புருவத்தை உயர்த்துவார். கணினிக் குரல் பிறகு வந்தது.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. நமக்கு 247. பலகையில் எப்படி அடக்குவது என்று பயப்பட வேண்டாம், நம் இலக்கணம் இதற்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 கட்டம். மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துக் காட்டினால் உயிர்மெய். மெய் பதினெட்டும் வல்லினம், மெல்லினம், இடையினம் என்று ஆறு ஆறாக மூன்று வரி. உயிரில் குறில் ஐந்து ஒரு வரி, நெடில் ஏழு ஒரு வரி. கையால் தொட முடியாதவரிடம் பக்கத்தில் இருப்பவர் கேட்டுக்கொண்டு போகலாம்: "வல்லினமா? மெல்லினமா?" கண் மேலே போகிறது. "ம? ன? ந?" மறுபடி கண் மேலே. "குறிலா? நெடிலா?" நெடில். "ஆ? ஈ? ஊ? ஏ? ஐ? ஓ?" கண் மேலே. ந், ஓ: நோ. "எங்கேயும் நோகுதா?" என்று உடனே கேட்டுவிடலாம், மிச்ச எழுத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. ஐந்தாம் வகுப்பில் வல்லினம் மெல்லினம் ஏன் படிக்கிறோம் என்று கேட்டவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு சில்லறைத் திருத்தம். மெல்லின வரியைப் பாடப்புத்தக ஒழுங்கில் ங, ஞ என்று தொடங்காதீர்கள். அவை அரிதாகத்தான் தேவைப்படும். ம, ன, ந, ண என்று அடிக்கடி வருவதை முன்னால் போட்டால் கண் களைக்காது. மற்றது, ஜ, ஸ, ஷ, ஹ நான்குக்கும் ஒரு வரி கட்டாயம் வேண்டும். அவை இல்லாவிட்டால் பஸ்ஸும் ஹஜ்ஜும் ஜூஸும் பாதிப் பேருடைய பெயரும் எழுத வராது. புள்ளி வைத்த எழுத்து என்பதைக் காட்டவும் ஒரு கட்டம்.

ஆனால் மாமாவுக்கு இந்தப் பலகை சரிவரவில்லை. பாரிசவாதத்தால் பேச்சுப் போனவர்களில் பலருக்கு எழுத்தும் சேர்ந்தே குழம்பிவிடும். க எங்கே என்று தேடி அவர் அழுதார். அவருக்குக் கைகொடுத்தது வேறு ஒரு முறை. நாம் கதைத்துக்கொண்டே கொப்பியில் இரண்டு மூன்று பதிலைப் பெரிய எழுத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, தொடச் சொல்வது. "யார் வரவேணும்? தம்பி, வட்டவிதானை, வேற ஆள்." (வட்டவிதானை என்றால் வயலுக்குத் தண்ணி பங்கிடுவதைப் பார்க்கிற ஆள்.) முழுச் சொல்லைக் கண்டு பிடிப்பது எழுத்துக் கூட்டுவதைவிட அவருக்குச் சுலபம். ஒவ்வொரு தடவையும் "வேற" என்ற ஒரு பதில் இருக்க வேண்டும். அதை விட்டால் நாம் அவரை நம் ஊகத்துக்குள் பூட்டுகிறோம்.

இங்கே பெற்றோர் எல்லாரும் கேட்கும் ஒரு கேள்விக்கு வருகிறேன். "படம் காட்டப் பழகினால் பிள்ளை வாய் திறக்கவே மாட்டானே?" நியாயமான பயம்தான், ஆனால் ஆராய்ச்சி அதற்கு எதிராகத்தான் இருக்கிறது. 2006 இல் மில்லர், லைட், ஷ்லோசர் என்ற மூவர் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். நம்பக்கூடிய சான்று இருந்த 27 பேரில் மாற்றுவழி தொடங்கியதால் பேச்சுக் குறைந்தவர் ஒருவரும் இல்லை. பெரும்பாலானவர்களுக்குக் கொஞ்சமாவது கூடியது. தவழும் பிள்ளை நடக்கப் பிந்திவிடும் என்று நாம் தவழ்வதைத் தடுப்பதில்லையே. "முதலில் கவனம் வரட்டும், மேசையில் உட்காரப் பழகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லித் தள்ளிப்போடுவதும் தேவையில்லாதது. இதைத் தொடங்க ஒரு தகுதிப் பரீட்சையும் கிடையாது.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். சென்னையில் உருவான ஆவாஸ் என்ற செயலி படத்தைத் தொட்டால் குரலில் சொல்லும், தமிழும் உண்டு. ஸ்பெயினின் அரகோன் மாகாண அரசு ஆதரிக்கும் அராசாக் என்ற தொகுப்பில் ஆயிரக்கணக்கான படக்குறிகள் இருக்கின்றன. வியாபாரம் செய்யாமல் பாவித்தால் காசு இல்லை. சாதாரண ஆண்ட்ராய்டு போனே தட்டெழுதிய தமிழை வாசித்துக் காட்டும். எல்லாம் நல்லம். ஆனால் குரல் தமிழ்நாட்டுக் குரல், சொல்லும் பல இடத்தில் அந்தப் பக்கத்துச் சொல். பிள்ளை "போதும்" என்று தொட்டால் அம்மம்மா ஒரு நொடி யோசித்துத்தான் "ஓ, காணுமாமா?" என்கிறார். கட்டத்தின் சொல்லை மாற்றவும் வீட்டார் குரலைப் பதிந்து போடவும் செயலியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று, யாரும் கவனிக்காதது. செயலி இருப்பது வாப்பாவின் போனில். வாப்பா விடிய மூன்று மணிக்குக் கடலுக்குப் போய்விடுவார். பிள்ளையின் வாயும் அவரோடு தோணியில் போய்விடும். டெப் வாங்கிக் கொடுத்தாலும் சார்ச் இறங்கும், கண்ணாடி உடையும், வெயிலில் திரை தெரியாது. அதனால் எவ்வளவு நல்ல கருவி இருந்தாலும் அதன் முதல் பக்கத்தைக் காகிதத்தில் அடித்துக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

சரி, தாளோ போனோ கையில் வந்துவிட்டது. அடுத்து நடப்பதில்தான் பெரும்பாலான வீடுகளில் காரியம் கெட்டுப்போகிறது. தாளைப் பிள்ளையின் முன் வைத்துவிட்டு "காட்டு, காட்டு, என்ன வேணும் காட்டு" என்று நச்சரிக்கிறோம். பிறந்த பிள்ளையிடம் யாராவது முதல் நாளே "கதை, கதை" என்கிறோமா? ஒரு வருசம் நாம் கதைத்துக்கொண்டே இருக்கிறோம், அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. தாளால் கதைக்க வேண்டிய பிள்ளை, தாளால் கதைக்கும் ஒரு ஆளைக் கூடத் தன் வாழ்நாளில் கண்டதில்லை. ஆகவே முதலில் நாம்தான் அந்தத் தாளில் கதைக்க வேண்டும். "வா, வெளியே போவம்" என்று சொல்லும்போதே "வா", "போ" இரண்டையும் தொட வேண்டும். பிள்ளை திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிழமைக்கணக்கில், மாதக்கணக்கில் செய்ய வேண்டும். சோறு தீத்தும்போது, குளிப்பாட்டும்போது, திண்ணையில் இருந்து போற வாற ஆட்டோவைப் பார்க்கும்போது.

அடுத்தது காத்திருப்பது. கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிப் பாருங்கள். எவ்வளவு நீளம் என்று தெரியும். நம் வீடுகளில் ஒரு கேள்விக்கு மூன்று பேர் பதில் சொல்லிவிடுவார்கள், கேட்கப்பட்டவரைத் தவிர.

சேவை என்று பேசத் தொடங்கினால் நம் மாவட்டங்களில் உடனே கணக்கு வரும்: எத்தனை பேருக்குக் கிளினிக், எத்தனை உபகரணம் வழங்கியது, எத்தனை படம் பிடித்தது. தாள் கிடைத்தவருடன் ஒரு நாளில் எத்தனை பேர் அதை வைத்துக் கதைக்கிறார்கள் என்பது ஒரு கணக்கிலும் வராது. என் கேள்வி அது ஒன்றுதான்.

இலங்கையில் பேச்சுச் சிகிச்சையாளர்களை உருவாக்கும் பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் நடக்கிறது. இங்கிருந்து 300 கிலோமீட்டர் அளவு. அங்கே படித்து வெளியே வருபவர்களில் தமிழில் சரளமாகச் சிகிச்சை தரக்கூடியவர்கள் தேவைக்குக் குறைவு. மட்டக்களப்பில் 14, அம்பாறையில் 20 பிரதேச செயலகப் பிரிவு. ஒரு சிகிச்சையாளர் டவுன் ஆஸ்பத்திரியில் இருந்தாலும், வெல்லாவெளிக்கு அப்பால் இருந்து மூளைவாதம் உள்ள பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறி வரும் தாய்க்கு ஒரு நாள் கூலியும் ஒரு நாள் முதுகும் போகும். அரை மணித்தியாலம் பார்த்து, அடுத்த திகதி கொடுத்து அனுப்புவார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் பிள்ளைக்குப் பயிற்சி கொடுப்பதைவிடத் தாய்க்கும் கூட வந்த அக்காவுக்கும் தாளால் கதைக்கப் பழக்குவது பயன் கூட. அடுத்த திகதி வரை நாளைக்குப் பத்து மணித்தியாலம் அவர்கள்தான் அந்தப் பிள்ளையோடு இருக்கப்போகிறார்கள். நடுவில் ஒருதரம் போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தால் ஒரு பஸ் பயணம் மிச்சம்.

வீட்டுக்கு வீடு ஏற்கெனவே போகிற ஆட்கள் நம்மிடம் இருக்கிறார்கள். குடும்பநல மாது பிள்ளையின் வளர்ச்சி அட்டையைப் பார்க்கிறார். குறித்த வயதில் பேச்சு வராததை முதலில் காண்பவர் அவர்தான். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருக்கிறார். பள்ளிக்கூடங்களில் விசேட கல்வி அலகு ஆசிரியைகள் இருக்கிறார்கள். இவர்களை அரைகுறைச் சிகிச்சையாளர்களாக ஆக்கச் சொல்லவில்லை. மையச்சொல் தாள் ஒன்றை எப்படிப் பாவிப்பது, யாரிடம் அனுப்புவது, எப்போது தாளை மாற்றுவது என்ற அளவுக்கு இரண்டு நாள் பயிற்சி போதும். விசேட கல்வி அலகில் ஒரு தாள், வீட்டில் இன்னொரு தாள், சிகிச்சையாளரிடம் மூன்றாவது என்று இருந்தால் பிள்ளை மூன்று மொழி படிக்க வேண்டியிருக்கும். ஒரே தாள் மூன்று இடத்திலும் இருக்க வேண்டும்.

உதவி உபகரணம் என்றால் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், காதுக்கருவி என்றுதான் நம் அலுவலகங்களுக்கு நினைவு வரும். உலக சுகாதார அமைப்பு 2016 இல் 50 முன்னுரிமை உதவிப் பொருட்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் தொடர்பாடல் பலகைகளும் புத்தகங்களும் அட்டைகளும், தொடர்பாடல் மென்பொருளும் இருக்கின்றன. அதே 2016 பெப்ரவரியில் இலங்கை, மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அந்தச் சமவாயத்தின் இரண்டாம் உறுப்புரையே தொடர்பாடல் என்பதற்குள் இந்த மாற்றுவழிகளைப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. விண்ணப்பம் எழுதும்போது இந்த இரண்டையும் ஒரு வரியில் குறிப்பிட்டால், "இது எங்கள் பட்டியலில் இல்லையே" என்ற பதிலுக்கு ஒரு மறுபதில் கையில் இருக்கும்.

அலுவலக மேசையில் நடப்பது தனிக்கதை. ஓரிடத்தில் மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்கள், "இவருக்கு எங்க நோகுது?" மாமா தன் தாளை மேசையில் தட்டினார். மேசையில் இருந்த உத்தியோகத்தர் பிள்ளை நிமிர்ந்து பார்த்து, சத்தமாக, காது கேட்காதவரிடம் கதைப்பது போல், "ஐயா, எங்க நோகுது?" என்றார். மாமாவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. பிழை அந்தப் பிள்ளையுடையது என்று நான் சொல்லமாட்டேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் கட்ட வேண்டும் என்பது இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். கதைக்கும் இடத்துக்கு வேண்டிய சாய்தளம் ஒரு ஏ-நாலு தாள்: உடம்பின் படம், நோவின் அளவைக் காட்டும் முகங்கள், ஓம், இல்லை, தெரியாது, எழுதித் தாங்க. தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்தால் கல்முனையிலும் உதவும், அம்பாறை டவுனிலும் உதவும். தமிழ் தெரியாத தாதிக்கும் சிங்களம் தெரியாத நோயாளிக்கும் நடுவில் கூட அதையே பாவிக்கலாம்.

அவசர நேரத்துக்கு இரண்டு ஏற்பாடு. 1990 அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும், ஆனால் கதைக்க முடியாதவர் தனியே இருந்தால்? பெயர், விலாசம், "என்னால் கதைக்க முடியாது, நீங்கள் சொல்வது விளங்கும்" என்று வீட்டார் ஒருவர் குரலில் பதிந்து போனின் முகப்பில் வைத்துவிடலாம். மற்றது மாரி. வெள்ளம் வந்து இடம்பெயர்ந்தால் நாற்காலியும் மருந்தும் ஞாபகம் வரும், தாள் வராது. முகாமில் தெரியாத முகங்களுக்கு நடுவில் அது இல்லாமல் ஆள் ஊமையாகிவிடுவார். லெமினேட் செய்த சின்ன அட்டை ஒன்று கழுத்தில் மாட்டும் நாடாவோடு, அடையாள அட்டைப் பையிலேயே இருக்கட்டும்.

சொல்லக் கூச்சமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் தாளில் அந்தரங்க உறுப்புகளின் பெயர்களும், "தொடாத", "எனக்கு விருப்பமில்ல", "அம்மாட்ட சொல்லப்போறன்" என்பவையும் இருக்க வேண்டும். இவை இல்லாத பிள்ளைக்கு ஏதாவது நடந்தால் அது ஒருவருக்கும் தெரியாமலே போகும், பிள்ளையால் சொல்ல முடியாது என்பது தவறு செய்கிறவருக்கும் தெரியும். பெற்றோர் முகம் சுளிப்பார்கள். நானும் சுளித்தேன்.

மாமாவின் தாள் இப்போது ஐந்தாவது. ஒன்பது கட்டம் அறுபது ஆகிவிட்டது. வயல், குளம், வட்டவிதானை, நெல்லு விலை, பேரன்மாரின் பெயர்கள், "பொய் சொல்றாய்", "வாயை மூடு", "இன்னும் ஒரு பிளேன்டி". இவை எல்லாவற்றிலும் அவர் கூடத் தொடுவது மச்சாள் யோசித்துப் போட்ட ஒரு கட்டம்: "நீ விளங்கினது பிழை." முதல் தாளில் அது இருந்திருந்தால் அந்த இளநி மிஞ்சியிருக்கும். விரல் பட்டுப் பட்டு அந்த மூலையில் லெமினேட் உரிந்து எழுத்து மங்கிவிட்டது. வருகிற கிழமை புதிது அடிக்கக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தைப் பெரிசாகப் போடவா என்று கொப்பியில் எழுதிக் கேட்டேன். ஓம் என்பதைத் தொட்டார், இரண்டு தரம்.